ஒட்டின் ஓரத்துக் கறள்

“ரீச்சர், உங்கடை கறள் பிடிக்காத இரும்பும் கறள் பிடிச்சுப் போச்சு.”

பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி நின்று இதைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த நாட்களில் என் கோபத்துக்குப் பருத்தித்துறையில் நல்ல பெயர். மாணவிகள் அதற்கென்றே எனக்கு ஒரு பட்டமும் சூட்டியிருந்தார்கள். அதை இங்கே எழுதமாட்டேன்.

யன்னல் திட்டில் மூன்று போத்தல்கள் இருந்தன. ஒன்றில் கடல்நீரும் ஓர் ஆணியும். இன்னொன்றில் தேங்காயெண்ணெயும் ஓர் ஆணியும். மூன்றாவதில் கடல்நீரும், என் அண்ணையின் பட்டறையிலிருந்து நான் எடுத்து வந்த ஒரு துண்டு உலோகமும். கறள் என்கிற துரு எப்போது பிடிக்கும், எப்போது பிடிக்காது என்பதுதான் பாடம். அண்ணையின் துண்டு கடலுக்குள்ளேயே கிடந்தாலும் கறள் பிடிக்காது என்று நான் முதல் நாளே அடித்துச் சொல்லியிருந்தேன்.

போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பிள்ளை சொன்னது சரி. இரண்டு உலோகக் கட்டைகளைத் தீயால் உருக்கி ஒட்டிய துண்டு அது. ஒட்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும், சற்றுத் தள்ளி, நூல் பிடித்துக் கீறினது போல ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கோட்டைச் சுற்றி ஆங்காங்கே புள்ளிகளும் இருந்தன.

“இருங்கோடி எல்லாரும்” என்று அதட்டிவிட்டு நானும் கதிரையில் இருந்துவிட்டேன். அதே மாதிரி ஒட்டை நம்பித்தான் அண்ணை அந்தச் சோழகத்தில், தென்மேற்குக் காற்று அடிக்கிற பருவத்தில், கடலுக்குப் போக இருந்தார்.

காந்தம் சொன்ன பொய்

என் அண்ணை கதிரவேலுவை இந்தத் தொடரில் இதுவரை நான் வெளியே விடவில்லை. விட்டால் அவரே எல்லா வாரத்தையும் பிடித்துக்கொள்வார் என்ற பயம்தான் காரணம்.

வல்வெட்டித்துறைக் கடற்கரை ஒழுங்கையில் அவருடைய பட்டறை இருந்தது. கார்பைட்டில் தண்ணீர் விட்டு, எழும் வாயுவைக் கொளுத்தி, உலோகத்தை உருக்கி ஒட்டத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். உள்ளே போனால் உள்ளிப் பூண்டு அரைத்த அம்மி மாதிரி மணக்கும். அது கார்பைட் மணம். அண்ணியின் சேலை, தலையணை, ஏன், எங்கள் வீட்டுக் கோப்பி வரைக்கும் அந்த மணம் ஏறியிருந்தது. அண்ணி கறிக்கு உள்ளி போட்டாரா இல்லையா என்று அண்ணையால் சொல்லவே முடியாது.

எங்கள் கரையில் கறள் தின்னாத பொருள் கிடையாது. பூட்டு, கொண்டி, சைக்கிள் கம்பி, தையல் மெசினின் கால் எல்லாவற்றையும் உப்புக் காற்று இருந்தபடியே தின்னும். கப்பல்களில் அது முதலில் தின்பது சுக்கானைக் கப்பலின் பின்புறத்தோடு பிணைத்து வைத்திருக்கும் முளைகளை. சுக்கான் அந்த முளைகளில்தான் கதவு மாதிரித் திரும்பும். நடுக்கடலில் முளை ஒடிந்தால் சுக்கான் போய்விடும், சுக்கான் போனால் மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கறளோடு அண்ணைக்குப் பழைய பகை. ஒருமுறை ஒட்சிசன் சிலிண்டர் எடுக்கக் கொழும்புக்குப் போனவர், துறைமுகத்தில் பழைய இரும்பு விற்கும் இடத்தில் ஓர் உடைந்த பம்புத் தண்டைக் கண்டார். ஐரோப்பாவின் வடக்கிலிருந்து வந்த ஏதோ ஒரு கப்பலில் கழற்றிப் போட்டது. ஒரு முனையில் அகன்ற வட்டத் தட்டு. எத்தனையோ காலம் உப்புநீரில் சுழன்றது என்றார்கள். ஒரு பொட்டுக் கறள் இல்லை. குழந்தைப் பிள்ளையைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஊர் சும்மா விடுமா? துருப்பிடிக்காத உருக்கில் காந்தம் ஒட்டாது என்ற ஞானம் எப்படியோ அப்போதே எங்கள் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒருவர் காந்தத்தோடு வந்தார். வைத்தார். ஒட்டியது.

“கதிரவேலு, உன்னை நல்லாய்ப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்” என்று சொல்லி அவர் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்து லாடக் காந்தத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். இரும்பில் பிடிப்பது போல வெடுக்கென்று பிடிக்கவில்லை. பிடித்தது, ஆனால் மனமில்லாமல் பிடித்தது. இது என்ன சாதி உலோகம் என்று அறிய அன்றைக்குத்தான் எனக்கு ஆசை பிறந்தது.

அண்ணை தண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டார். வாடைக் காற்று அடிக்கிற மாதங்கள் முழுக்க அது அங்கேயே கிடந்தது. பங்குனியில் இழுத்து எடுத்து, ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், இறக்கிய நாள் இருந்த மாதிரியே இருந்தது. காந்தக்காரர் அந்த வாரம் எங்கள் ஒழுங்கைப் பக்கம் வரவில்லை.

வேலுப்பிள்ளைத் தண்டையலின் சட்டம்

கப்பலை நடத்துபவரை எங்கள் ஊரில் தண்டையல் என்போம். வேலுப்பிள்ளைத் தண்டையல் அளவாகப் பேசுகிற மனிதர். தண்டு கடலிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே பட்டறைக்கு வந்து, தன் கப்பலுக்கு அதில் சுக்கான் முளைகள் செய்து தரும்படி கேட்டார். சோழகக் காற்றுப் பிடித்தால் பர்மாக் கரைக்குப் போகவேண்டிய கப்பல். திரும்பி வர அடுத்த வாடை பிறக்கவேண்டும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அவருடைய கப்பலின் சுக்கானில் கைவைத்து வேலை செய்தவன் எவனோ, அவன் முதற்பயணம் கூடவே போகவேண்டும்.

“செய்தவனும் அதே தண்ணியிலை நிண்டாத்தான் ஆணி இறுகும்” என்பார்.

அண்ணைக்குக் கடற்பயணம் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் நெடுந்தீவுக்குப் போனாலே சத்தி எடுப்பார், தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆனாலும் “வாறன் அம்மான்” என்றார். ஊர் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

அந்தத் தண்டோடு அவர் பட்ட பாடு ஒரு தனிப் புராணம். சாதாரண இரும்பை அறுக்கிற அலகுகள் அதன்மேல் பல்லிழந்து நின்றன. துளைக்கப் போனால் ஊசி புகைந்தது. “கல்நெஞ்சுக்காரி” என்று தண்டைத் திட்டிக்கொண்டே அறுத்தார். வட்டத் தட்டிலிருந்து, முளையைச் சுக்கானில் பிடித்து வைக்கும் பட்டிகளை வெட்டி, தண்டிலிருந்து முளைகளை வெட்டி, இரண்டையும் தீயால் ஒட்டினார். ஒட்டு நன்றாக ஊறவேண்டும் என்று தீயை நீண்ட நேரம் பிடித்தார். ஒட்டுக்குக் கரைக்கும் கம்பியையும் அதே தண்டில் சீவி எடுத்தார். முதலில் பழகிப் பார்க்க ஒட்டிய துண்டுகளில் ஒன்றுதான் என் போத்தலுக்குள் போனது.

தேசிக்காயும் செங்கல் தூளும்

இனி மீண்டும் என் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன்.

அன்று பின்னேரம் பட்டறைக்குப் போய், ஒன்றும் கேட்க வராதவள் போலச் சுற்றிப் பார்த்தேன். ஒட்டி முடிந்ததும் கருகிய தோலைத் தேய்க்க அண்ணை வைத்திருந்தது இரும்புக் கம்பித் தூரிகை. நங்கூரச் சங்கிலியைத் தேய்க்கிற அதே தூரிகை. எனக்கு மனம் குளிர்ந்தது. தூரிகையின் இரும்புத் தூள் ஒட்டில் அப்பிக்கொண்டு கறள் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, பித்தளைச் செம்பு மினுக்குகிற மாதிரி, தேசிக்காய் என்கிற எலுமிச்சம்பழத்தின் பாதியைச் செங்கல் தூளில் தோய்த்துத் துண்டை உரஞ்சினேன். புள்ளிகளும் போயின, கோடும் போனது. பளிச்சென்று ஆனது. மறுபடி உப்புநீரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு போத்தலில் தீப்படாத தண்டுத் துண்டு ஒன்றையும் போட்டேன்.

தீப்படாத துண்டு அப்படியே இருந்தது. மினுக்கிய துண்டில் புள்ளிகள் திரும்பி வரவில்லை. கோடு மட்டும் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும், அதே இடத்தில்.

இதை எழுதும்போது ஒரு விஷயம் குறுக்கே வருகிறது. கனகாலம் கழித்து, என்னிடம் படித்துப் பிறகு கொழும்பில் உலோகங்களோடு உத்தியோகம் பார்த்த ஒரு பிள்ளை என்னைப் பார்க்க வந்தாள். அவளைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி ஆறும்வரைக்கும் இந்தக் கோட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தண்டைப் பாக்காமல் சத்தியம் பண்ண ஏலாது ரீச்சர்” என்றாள். “ஆனால் ரெண்டு இனம் கலந்த உருக்கு ஒண்டு அந்தக் காலத்திலேயே அங்காலை ஐரோப்பாவிலை செய்யத் தொடங்கிட்டாங்கள். குரக்கன் மாவும் அரிசி மாவும் கலந்து அவிச்ச பிட்டு மாதிரி, ரெண்டு விதமான மணி பாதிக்குப் பாதி கலந்திருக்கும். ஒண்டைக் காந்தம் இழுக்கும், மற்றதை இழுக்காது.”

மனமில்லாமல் பிடித்த காந்தத்தின் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தக் கலப்பினால்தான் அதற்கு அவ்வளவு பலம் என்றாள். சாதாரணத் துருப்பிடிக்காத உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்குமாம். உப்பு துளைபோடுவதையும், இழுவையில் நிற்கும்போது வெடிப்பதையும் மற்றதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்குமாம்.

“அப்ப ஏனடி பிள்ளை கோடு வந்தது?”

“நெருப்பு, ரீச்சர். ஒட்டுக்குப் பக்கத்திலை சூடு கூடினால் பாதிக்குப் பாதி குழம்பிப் போகும். காந்தம் இழுக்கிற இனம் பெருகி அந்த இடம் நொருங்குற குணம் பிடிக்கும். அந்தக் காலத்து உருக்கிலை கரியும் கூடுதல். சூட்டிலை கரி போய்க் குரோமியத்தைப் பிடிச்சுக்கொள்ளும். குரோமியம்தான் மேலை ஒரு மெல்லிய தோலாய் நிண்டு கறளைத் தடுக்கிறது. அது பறிபோன கீற்றிலை உப்பு நுழைஞ்சிடும்.”

இப்போது கரியைக் குறைத்து வார்க்கிறார்களாம். சூட்டை அளந்து, நிக்கல் கூடிய கம்பியால் ஒட்டினால் ஒரு பயமும் இல்லையாம். எலுமிச்சைப் புளிப்பு மேற்கறளைக் கழுவும், கீற்றுக்கு அது மருந்தல்ல என்றும் சொன்னாள்.

இதெல்லாம் பின்னாளைய ஞானம். அன்றைக்கு என்னிடம் இருந்தது இரண்டு போத்தலும் ஒரு பயமும்தான்.

வெள்ளிக்கிழமை மினுக்கல்

அண்ணையிடம் சொன்னேன். ஒரு கவளம் வாயில், ஒன்று கையில். அப்படியே நிறுத்தினார்.

“என்ரை வேலையை உன்ரை போத்தலுக்கை போட்டுப் பரிசோதிக்கிறியோ? ஆரைக் கேட்டுச் செய்தனி?”

“உங்களைத்தான் கேக்கிறன் அண்ணை. வந்து ஒருக்கால் பாருங்கோ.”

“நீ வா, நான் காட்டுறன்” என்று கைகழுவிவிட்டு என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். கப்பல் கரையில் நின்றது. முளைகள் பூட்டிய சுக்கான் பக்கத்தில், அலை தெறிக்கிற தூரத்தில், கட்டைகளின் மேல் கிடந்தது. முளைகள் வெள்ளி மாதிரி மின்னின. ஒட்டின் ஓரத்தில் கோடு, புள்ளி ஒன்றும் கிடையாது.

“எங்கை உன்ரை கறள்? காட்டு பாப்பம்.”

கண்ணுக்குத் தெரியாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? திரும்பி நடந்து வரும்போது பாதி வழியில்தான் மண்டையில் உறைத்தது. அன்றைக்குச் சனிக்கிழமை.

எங்கள் கரையில் பயணத்துக்கு நிற்கும் கப்பலின் பித்தளை, வெண்கலம் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் தேசிக்காயால் மினுக்குவார்கள். முருகனுக்கு மினுக்குகிற மாதிரிப் பக்தியாக மினுக்குவார்கள். சுக்கான் முளைகளை வேறு யாரையும் தொடவிடாமல் அண்ணியே மினுக்கி வந்தார். புருசன் செய்த முளை அல்லவா. கோடு வர வர அண்ணி அழித்துக்கொண்டிருந்தார். ஊரும் வாரத்துக்கு வாரம் வந்து பார்த்து வியந்துவிட்டுப் போனது.

அண்ணியைக் கிணற்றடியில் பிடித்தேன். “அண்ணி, வாற வெள்ளி முளையை மினுக்காதைங்கோ.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “ஏன்?”

சொன்னேன். அண்ணி அதிகம் படித்தவரல்ல, என்னைப் போல வாய்க்காரியும் அல்ல. கேட்டு முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மினுக்கேக்கை அந்த இடம் எப்பன் சொரசொரப்பாய்க் கிடந்தது பிள்ளை” என்றார். “நான் தேசிக்காயைக் கூடப் போட்டு உரஞ்சினனான். அந்தாள் அதிலைதானே போப்போகுது.”

அந்த வெள்ளிக்கிழமை அண்ணி தலை வலிக்கிறது என்று பாயில் படுத்துவிட்டார். மினுக்க வந்த மற்றப் பெண்கள் முளைகளைத் தொடவில்லை, அது அண்ணியின் பங்கு என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கிழமை ஒரு பாடமும் ஓடவில்லை. பின் வாங்குப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சம்மட்டி

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கப்பலைத் தண்ணீரில் இறக்க நாள் குறித்தாயிற்று. தேங்காயும் பூவும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அண்ணை காலையிலேயே முளையைப் பார்க்கப் போனார். நானும் அண்ணியும் பின்னாலே போனோம்.

கோடு இருந்தது. ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு பக்கமும்.

அண்ணை குந்தியிருந்து விரலால் தடவினார். பெருவிரல் சிவந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். “நீ மினுக்கேல்லையோ?”

“இல்லை.”

“ஏன்?”

“நீங்கள் போற கப்பல் எண்டபடியால்.”

அண்ணை எழும்பிப் பட்டறைக்குப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சம்மட்டியோடு திரும்பி வந்து, ஒரு முளையைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். முளை வளையவில்லை. ஒட்டும் விடவில்லை. ஒட்டின் பக்கத்தில், அந்தக் கோட்டோடு, பிஸ்கற் மாதிரிப் பளீரென்று ஒடிந்து விழுந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லலாம்தான். ஆனால் சறுக்கிய ஆனையின் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். அவ்வளவு பாவமாக இருந்தது.

இரண்டு துண்டையும் லேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு தண்டையல் வீட்டுக்கு நடந்தார். வாசலில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். காந்தக்காரரும் நின்றார். அண்ணை எல்லாருக்கும் நடுவில் லேஞ்சியை விரித்தார்.

“அம்மான், என்ரை வேலை பிழைச்சுப் போச்சு. இது கடலிலை ஒடியும்.”

தண்டையல் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆர் கண்டது?”

அண்ணை தானே கண்டதாகச் சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்கமாட்டோம். “உவள்தான்” என்று என்னைக் காட்டினார். “என்ரை தங்கச்சி. அண்டைக்கே சொன்னவள். நான்தான் ஏசிப்போட்டன்.”

தண்டையல் கேட்ட கேள்வி

கப்பல் இறங்கும் நாள் தள்ளிப்போயிற்று. சோழகம் பிடித்துவிட்டது, மற்றக் கப்பல்கள் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தன. அண்ணை மிச்சத் தண்டை எடுத்தார். இந்த முறை பட்டறையில் உள்ளி மணமே எழவில்லை. தண்டை அறுத்து, தீயே காட்டாமல், வெண்கலப் பட்டிகளில் துளைபோட்டு இறுக்கிச் செருகி, முனைகளை அடித்து மடித்தார். நானும் கூடவே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஏசாமல் பதில் சொன்னார்.

புது முளைகள் பூட்டிய அன்று தண்டையல் என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, முந்தினதைப் பிழை எண்டு சொன்னது நீ. இப்ப இதைச் சொல்லு. இதிலை உன்ரை அண்ணனை அனுப்புவியோ?”

பிழை கண்டுபிடிப்பது சுலபம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை மட்டும் கடலைப் பார்த்தார்.

“தீப்படாத தண்டு வாடை முழுக்கக் கடலிலை கிடந்து கறள் பிடிக்கேல்லை. என்ரை போத்தலிலும் பிடிக்கேல்லை. அவ்வளவும் எனக்குத் தெரியும்” என்றேன். “வெண்கலத்தோடை சேந்து அலைக்கை என்ன செய்யும் எண்டது எனக்குத் தெரியாது.”

“அது எனக்கும் தெரியாது” என்றார் தண்டையல். “கதிரவேலு, ஏறு.”

அண்ணை ஏறினார். துறை கண்ணுக்கு மறையுமுன்னே சத்தி எடுக்கத் தொடங்கியிருப்பார். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அந்தக் கிழமையே ஊரில் பேச்சும் தொடங்கியது. ஒரு குமர்ப்பிள்ளையின் சொல்லைக் கேட்டுக் கப்பல் விட்டிருக்கிறார்கள் என்று கிணற்றடிகளில் கதைத்தார்கள். மற்றக் கப்பல்கள் வாடையோடு ஒவ்வொன்றாகத் திரும்பின. இது வரவில்லை. அண்ணி என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு காலை, பாய் தெரிகிறது என்று ஒழுங்கையில் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினோம். கடற்கரையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“நான் பாக்கமாட்டன். நீ பார். அந்தாள் நிண்டால் சொல்லு. இல்லாட்டில் பேசாதை.”

பார்த்தேன். கப்பல் வளைந்து கரைக்கு முகம் காட்டியது. பாய்க்குக் கீழே ஒருவர், பாதியாக மெலிந்து, தாடியோடு, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணைதான். சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்தில் அண்ணி காத்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய கை என் கையிலிருந்து மெல்ல மெல்லத் தளர்ந்து விழுவதை உணர்ந்தேன்.

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடல் பக்கம் திருப்பி, மூடியிருந்த கண்ணிமைகளை என் பெருவிரல்களால் திறந்துவிட்டேன்.